எரித்துப் பார்க்காத மூட்டை

"அடெல்கி புன்டெல். மரம் வெட்டுநர், பணி ஓய்வு. நீண்ட காலம் இயந்திர ரம்பம் இயக்கியதால் இரு கைகளிலும் தொடு உணர்வையும் வெப்ப உணர்வையும் பெருமளவு இழந்தவர். நுட்பமான கைவேலைகளுக்கும், சூடான பொருள்களைக் கையாளும் வேலைகளுக்கும் தகுதியற்றவர்."

சான்றிதழில் இப்படித்தான் இருந்தது. அதை எழுதிய டாக்டர் அடெல்கியின் விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் விடச் சொல்லி, "எது சூடு?" என்று கேட்டார். அடெல்கி கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்தச் சான்றிதழ் வந்த அடுத்த ஆண்டே, ருவியாஸ் கிராமம் தன் குளிர்காலச் சூட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஊரில் யாரும் இதை முரண்பாடாக நினைக்கவில்லை. "அவனுக்கு எதுவும் உறைக்காது. அதனால ஓரவஞ்சனை பண்ண மாட்டான்" என்றார் ஒவிதியோ. அடெல்கியோடு காட்டில் வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர் அவர். சொன்னது கேலியாக. ஊரோ அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டது.

கார்னியா மலையில் ருவியாஸைச் சுற்றிக் காடு தவிர வேறொன்றும் கிடையாது. ஆனால் அந்தக் காட்டை வெட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. கட்டை பிளக்கத் தோளில் வலு இல்லை. ஆகவே மரத்தை நாட்டு எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில் வரவழைக்கிறார்கள். மரத்தூளை அழுத்தி, சுண்டுவிரல் கணு அளவுக்கு நறுக்கி, மூட்டை கட்டி வரும் பெல்லட். அடுப்பின் முதுகிலுள்ள தொட்டியில் அதைக் கொட்டிப் பொத்தானை அமுக்கினால், ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். உள்ளே, அடியில் துளைகள் போட்ட ஓர் இரும்புக் கிண்ணம். எரிவது அதில்தான். துளை அடைத்துக்கொண்டால் காற்று நிற்கும், காற்று நின்றால் தீ நிற்கும், அடுப்பு கீச்சென்று கூவிவிட்டு அணைந்துபோகும்.

இருபது வீடுகூட இல்லாத ஊருக்குத் தனித்தனியாக யாரும் பெல்லட் கொண்டுவந்து கொடுப்பதில்லை. ஊரே சேர்ந்து ஒரு லாரி சரக்கு சொல்ல வேண்டும். அதையும் கோடை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்பதில்தான் சண்டை. ஊசியிலை மரத்தில் செய்தது வெளிர் நிறம். ஊர் அதை வெள்ளை என்று சொல்லும். ஃபாஜோ என்ற கெட்டி மரத்தில் செய்தது சிவப்பு. கட்டையாக எரித்தால் ஃபாஜோவை அடித்துக்கொள்ள மரம் கிடையாது. இது ருவியாஸில் குழந்தைக்கும் தெரியும். அதையே தூளாக்கி அழுத்திவிட்டால் கதை தலைகீழாகிவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் பிசின் உள்ள வெள்ளைதான் ஒரு பிடி கூடுதலாகச் சூடு தரும், சாம்பலும் குறைவு. மரத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள். ருவியாஸ்காரர்களுக்கு மரத்தைப் பற்றி எல்லாம் தெரியும். அதனால் அவர்கள் ஏற்கவில்லை.

இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டியவர் அடெல்கியின் மனைவி ஒனோரினா. மே மாத நடுவில், வசந்தம் வந்துவிட்டது என்று எல்லாரும் கம்பளியை மடித்து வைத்த பிறகு, சில நாள் குளிர் திரும்பி வரும். ஆண்டு தவறாது. அந்த நாட்களில் வியாபாரி அனுப்பும் மாதிரி மூட்டைகளை ஒவ்வொன்றாக ஒரே அடுப்பில், ஒரே அளவில் எரிப்பது. சாம்பலைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் கொட்டி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பது. அடுப்புக் கண்ணாடி எவ்வளவு கறுத்தது, கிண்ணத்தில் கட்டி பிடித்ததா என்று பார்ப்பது. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டோவின் மதுக்கடையில் தீர்ப்பு. எரித்தது, முகர்ந்தது, உற்றுப் பார்த்தது எல்லாம் ஒனோரினா. மதுக்கடையில் எழுந்து நின்று சொன்னது அடெல்கி. ருவியாஸில் பெண்கள் முடிவெடுப்பார்கள், ஆண்கள் அறிவிப்பார்கள். இதிலும் யாரும் முரண்பாடு பார்க்கவில்லை.

இந்தத் தீர்ப்பை நம்பி ஊரில் அநேகமாக எல்லாரும் பழைய விறகடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். முதலில் எறிந்தவள் ஒனோரினாவின் தங்கை இர்மா, அடுத்த வீட்டுக்காரி. தனியாள், மார்ச்சளிக்காரி. அவள் வீட்டில் பெல்லட் அடுப்பு அணைந்தால் சூட்டுக்கு வேறு வழியே இல்லை.

பிப்ரவரியில் ஒனோரினா இறந்துபோனார்.

அடக்கத்தன்று அடெல்கி எல்லாரிடமும் கை குலுக்கினார். யார் கை அழுத்தியது, யார் கை ஒப்புக்குத் தொட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி நன்றி சொன்னார். பிறகு இர்மா போட்ட பார்லி சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். பசி இருந்தது. துக்கம் வரும் என்று அவரும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆகஸ்டில் லாரி வருவதை எதிர்பார்ப்பது போல. லாரியாவது சொன்ன நாளுக்கு வந்து சேரும்.

சில நாளில் அடுப்புத் தொட்டி காலியானது. சின்னத் திரையில் "தொட்டி காலி" என்று எழுத்து மின்னி மின்னி வந்தது. ஒரு மாலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மின்சார வயரைப் பிடுங்கினார். தெருவிளக்கை அணைத்தது போல இருந்தது, அவ்வளவுதான். கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினார். குளிராக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் காலையில் குழாயில் தண்ணீர் உறைந்துபோய் வரவில்லை.

மே மாதம் சிஸ்டோ தன் மூன்று சக்கர வண்டியில் மூன்று மாதிரி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். நாற்பது வயதானாலும் ஊரில் அவன்தான் இளவட்டம்.

"அண்ணே, ஒண்ணு வெள்ளை, போன வருஷத்து ஆளுங்களே அனுப்பினது. ஒண்ணு சிவப்பு. இன்னொண்ணு ரெண்டும் கலந்தது." மூட்டைகளை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நின்றான். "முடியலேன்னா சொல்லிடுங்கண்ணே. இந்த வருஷம் நம்ம யாராவது பார்த்துக்கறோம்."

"யாரு?"

சிஸ்டோ யோசித்தான். "ஒவிதியோ அண்ணன் கேட்டாரு."

"அவன் எரிக்காமலே சிவப்புன்னு சொல்வான்."

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

"வெச்சிட்டுப் போ" என்றார் அடெல்கி.

குளிர் திரும்பி வந்தது. முதல் நாள் மாலை வெள்ளை மூட்டையின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மூட்டையில் நீல நிறத்தில் ஒரு மரம் வரைந்திருந்தது. வயரைச் சொருகினார். "தொட்டி காலி" என்று மறுபடியும் மின்னியது. இத்தனை நாள் அதே வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது போல. தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒனோரினா பெல்லட் அள்ளும் குடுவை கிடந்தது. சலவைத் திரவப் புட்டியைச் சாய்வாக வெட்டி அவர் செய்தது. விளிம்பு கையைக் கிழிக்காதபடி சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அடெல்கியின் கையில் எது கிழித்தாலும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் ஒட்டியிருந்தார்.

அடெல்கி மூடியை மூடினார்.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். ஏன் எரிக்கவில்லை என்று கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தமாக எதுவும் இல்லை. கை நீளவில்லை. குளிர் நாட்கள் முடிந்து வெயில் வந்தது. மூன்று மூட்டையும் கட்டுப் பிரியாமல் சாய்ந்திருந்தன.

ஞாயிறு பூசை முடிந்து மதுக்கடையில் ஊர் கூடியது. ஒவிதியோ நடு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, தீர்ப்பு எழுதிட்டியா? இந்தத் தடவையாவது மனசாட்சியோட சிவப்புன்னு சொல்லு. வெள்ளை எரியறதெல்லாம் ஒரு எரியறதா? காகிதம் மாதிரி பொசுக்குன்னு போகுது."

"ஒவிதியோ அண்ணே, நீங்க பேசாதீங்க" என்றான் சிஸ்டோ கிளாஸைத் துடைத்துக்கொண்டே. "உங்க வீட்டு அடுப்புக் கண்ணாடியில தீ எரியுதா இல்லையான்னு டார்ச் அடிச்சுத்தான் பார்க்கணும்."

"அது அடுப்போட கோளாறுடா."

"போன அடுப்புலயும் அப்படித்தானே?"

"அதுவும் அடுப்போட கோளாறுதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அடெல்கியைப் பார்த்தார்கள். இர்மா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், அவளும் பார்த்தாள். எரித்துப் பார்க்கவில்லை என்று சொல்ல அடெல்கி வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"வெள்ளைதான். போன வருஷம் வாங்கினோமே, நீல மரம் போட்டது. அதேதான்."

"சாம்பல்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்மி."

"கண்ணாடி?"

"சுத்தமா இருக்கு."

இரண்டு பதிலும் பொய்யில்லை. தீயே மூட்டாத அடுப்பில் சாம்பல் குறைவாகத்தான் இருக்கும், கண்ணாடியும் சுத்தமாகத்தான் இருக்கும். வாழ்நாளில் ஊரார் முன்னால் சொன்ன முதல் பொய்யை அவர் உண்மையான வார்த்தைகளாலேயே கட்டி முடித்தார். முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தார். சிவக்கவில்லை. சிஸ்டோ அப்போதே வியாபாரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

ஆகஸ்டில் லாரி வந்தது. தேவாலயத்துக்கு முன்னால் இறக்கி, டிராக்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே மூட்டை, அதே நீல மரம். ஒனோரினா இருந்திருந்தால் முதல் மூட்டையை அங்கேயே கிழித்து, அடியில் தங்கிய தூளைக் கையில் கொட்டிப் பார்த்திருப்பார். அடெல்கி தன் பங்கைக் கொட்டகையில் அடுக்கிக் கதவைச் சாத்தினார்.

நவம்பரில் ருவியாஸின் அடுப்புகள் கூவ ஆரம்பித்தன.

பற்றவைத்தால் நன்றாகத்தான் பற்றும். இரண்டு மணி நேரம் கழித்துத் தீ மஞ்சளாகி, சோம்பலாகி, கீச்சென்ற கூவலோடு அணையும். வேறு ஊராக இருந்தால் முதல் வாரத்திலேயே பெல்லட்டைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ருவியாஸில் அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் அடெல்கி எரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாரே. புகைக்குழாய் அடைப்பு என்று குழாய் துடைப்பவரை மூன்று முறை வரவழைத்தார்கள். அவர் வந்து, துடைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். மின்சாரம் குறைவு என்றார்கள். இந்த வருடக் காற்றே கனம் என்றார்கள். ஒவிதியோ மட்டும் பெல்லட்டைத் திட்டினார். ஆனால் அவர் வெள்ளையை எப்போதும் திட்டுகிறவர் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்த ஒரே சந்தர்ப்பம் இப்படி வீணாகப் போனது.

ஒரு மத்தியானம் இர்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடெல்கியின் கதவைத் தட்டினாள். இருமல் வார்த்தைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தது.

"அத்தான், காலையிலேர்ந்து நாலாவது தடவை அணைஞ்சிடுச்சு. வந்து பாருங்க. ஐயோ, இதென்ன, உங்க வீடு என் வீட்டைவிடக் குளிருது! இங்க என்ன, மாட்டுக்கறி தொங்கவிட்டுக் காய வைக்கறீங்களா?"

அடெல்கி போனார். அடுப்பு அணைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்து, கிண்ணத்தை வெறுங்கையால் பற்றித் தூக்கி வெளியே எடுத்தார்.

"சுடும்!" என்று இர்மா கத்தினாள்.

"ஓ" என்றார் அடெல்கி.

கிண்ணத்தின் அடியில் கருகிய வெல்லப்பாகு போல ஒரு கட்டி உருகி ஒட்டியிருந்தது. துளைகள் எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதைத் திருப்புளியால் நெம்பினார். கண்ணாடி போல உடைந்தது. பட்டையும் மண்ணும் கலந்த மரத்தூள் இப்படித்தான் உருகும். ஒனோரினா ஒரு முறை காட்டியிருக்கிறார்.

"குழாய் இல்ல இர்மா. சரக்குதான்." கட்டியைத் தரையில் வைத்தார். "நான் எரிச்சுப் பார்க்கல. மே மாசம். சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றாள் இர்மா.

அவர் நிமிர்ந்தார்.

"உங்க வீட்டுப் புகைக்குழாய் என் சமையலறை ஜன்னலுக்கு நேரா இருக்கு அத்தான். அதுல சிலந்தி வலை பின்னிக் குடித்தனம் நடத்துச்சு. நீங்க எரிச்சீங்கன்னா அந்தச் சிலந்திக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"அப்ப அக்கா செத்து மூணு மாசம்தான். ஊரைக் கூட்டி உங்களைச் சிரிப்பா சிரிக்க வைக்கவா?" இருமினாள். "போன வருஷத்ததே நல்லாத்தானே இருந்துச்சுன்னு நானும் விட்டுட்டேன். கையைக் காட்டுங்க."

காட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவர் அதை வேறொருவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உணர்ச்சி இல்லேன்னா தோல் வேகாதுன்னு யார் சொன்னது உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே இர்மா துணி சுற்றினாள்.

அன்று மாலையே அடெல்கி மதுக்கடைக்குப் போனார். அங்கும் அடுப்பு அணைந்திருந்தது; எல்லாரும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று சொன்னார், அறிவிக்கிற அதே குரலில்.

"பெல்லட்தான் கெட்டது. நான் எரிச்சுப் பார்க்காமலே சொல்லிட்டேன்."

சிஸ்டோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அண்ணே, உக்காருங்க" என்றான் சிஸ்டோ மெதுவாக. "ஏதாவது சூடா போடறேன்."

"நிஜமா சொல்றேன்டா."

"வியாபாரியைக் காப்பாத்தப் பார்க்கறான்" என்றார் ஒவிதியோ. "அவன் ஏமாத்திட்டான், இவன் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறான். காட்டுலயும் இப்படித்தான். நான் மரத்தைத் தப்பாச் சாய்ச்சா, நான்தான் சாய்ச்சேன்னு மேஸ்திரிகிட்ட போய் நிப்பான்."

"மூட்டை மூணும் வீட்டுல இருக்கு. பிரிக்கவே இல்ல. வந்து பாரு."

போனார்கள், ஏழெட்டுப் பேர். மூன்று மூட்டையும் மே மாதம் சாய்த்து வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தன. ஒவிதியோ ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பிரிக்காத மூட்டையை எவன் வேணும்னாலும் வாங்கி வெக்கலாம். ஒனோரினா வீட்டுல சோதனை நடக்காம இருக்குமா? நீயே சொல்லு."

ஒனோரினா இல்லை என்பதை அடெல்கி நினைவூட்ட வேண்டியிருந்தது. நினைவூட்டவில்லை.

அப்போது இர்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "இதென்ன பஞ்சாயத்து? எரிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது." வெள்ளை மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்தாள். வயரைச் சொருகினாள். "தொட்டி காலி" மின்னியது. மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டிய குடுவையை வெளியே எடுத்து, அதாலேயே மூட்டையிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். பொத்தானை அமுக்கினாள். திருகு உறுமியது. முதல் துண்டுகள் கிண்ணத்தில் விழுந்த சத்தம் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது.

தீ பற்றியது. எல்லாரும் நின்று பார்த்தார்கள். பிறகு நாற்காலி தேடினார்கள். சிஸ்டோ ஓடிப்போய் ஒரு புட்டி கொண்டுவந்தான். அடெல்கி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இர்மா கம்பளியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். ஒவிதியோ தொப்பியை எடுத்தார். அறை சூடாகிவிட்டது என்று அடெல்கிக்கு அப்படித்தான் தெரிந்தது.

அடுப்பு கூவவில்லை. மூட்டை தீரும்வரை ஒரே சீராக எரிந்தது. காலையில் இர்மா கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள்: கழுவி வைத்தது போலத் துளை துளையாகச் சுத்தம். சாம்பலைச் செய்தித்தாளில் கொட்டினாள். வெளிர்ச் சாம்பல், ஒரு பிடிக்கும் குறைவு. மே மாதம் வந்த மாதிரி சரக்கு நல்ல சரக்கு. ஆகஸ்டில் அதே மூட்டைக்குள் வேறு எங்கேயோ அரைத்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அதாவது, அடெல்கி ஒழுங்காக எரித்துப் பார்த்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். சாம்பல் கம்மி. கண்ணாடி சுத்தம். வெள்ளைதான்.

"பார்த்தியா!" என்று ஒவிதியோ மேசையைத் தட்டினார். "எரிச்சுத்தான் சொல்லியிருக்கான்! எரிக்காம இவ்வளவு சரியா எவனால சொல்ல முடியும்?"

இதற்குப் பிறகு ஊரில் அடெல்கியின் பேச்சுக்கு மரியாதை முன்பைவிடக் கூடியது. பொய் சொன்னபோது நம்பிய ஊர், உண்மை சொன்னபோது நம்பவில்லை. அந்த உண்மை பொய் என்பதற்கு ஆதாரமும் கண்டுபிடித்துவிட்டது. வியாபாரியோ, பிரித்த சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. புதிய லாரி பனி உருகிய பிறகுதான் மேலே ஏறும். கொட்டகை கொட்டகையாகக் கெட்ட பெல்லட் அடுக்கியிருந்தது. குளிர்காலம் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை.

அந்தச் சோதனை முடிந்த மறுநாள் காலை அடெல்கி ஒரு திருப்புளியையும் கம்பித் தூரிகையையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஊரின் கீழ்க்கோடிக்குப் போய் முதல் கதவைத் தட்டினார். கிண்ணத்தை எடுத்து, கட்டியை உடைத்து, துளைகளைக் குத்தி, திரும்ப வைத்தார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. மற்றவர்கள் இதைச் செய்ய வேண்டுமானால் அடுப்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வீடு குளிர்ந்துவிடும், சுவரைத் திரும்பச் சூடாக்கப் பாதி நாள் போய்விடும். அடெல்கிக்கு அடுப்பு ஆற வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் வழியில் ஒவிதியோ மறித்தார். கையில் பழைய தோல் கையுறை ஒரு ஜோடி.

"போட்டுக்க. எனக்குப் பெரிசு."

"உன்னோடதுதானே? உனக்கு எப்படிப் பெரிசாகும்?"

"வயசானா கை சுருங்கும்டா, போட்டுக்கன்னா போட்டுக்க. அப்புறம், எங்க வீட்டுக்கு மட்டும் கடைசியில வராத. நான் ஒண்ணும் ஊருக்கு இளைச்சவன் இல்ல."

"உங்க வீட்டுலயும் வெள்ளைதான் எரியுதா?"

ஒவிதியோ மலையைப் பார்த்தார். "வேற என்ன இருக்கு?"

அடெல்கி கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டார். இர்மா நாள்தோறும் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்பதால் அதைக் கழற்ற முடியாமல் போயிற்று.

பனி விழுந்தது. ஒரு நாள் இர்மா தன் அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தான், இது உங்க தப்பில்லேன்னுதான் தெரிஞ்சு போச்சே. எரிச்சுப் பார்த்திருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்போம். இன்னும் எதுக்குப் பனியில வீடு வீடா அலையறீங்க?"

அடெல்கி யோசித்தார். டாக்டர் கேட்டபோது யோசித்தது போலவே யோசித்தார்.

"அடைக்குதே" என்றார்.

இர்மா சமையலறைக்குப் போனாள். பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களி கிண்டி இறுக வைத்திருந்தாள். அதில் ஒரு துண்டை வெட்டிப் பாலாடைக்கட்டி வைத்து, துணியில் சுற்றி அவர் பையில் திணித்தாள். அவர் போகும்போது, "உங்க அடுப்பு என்ன ஆச்சு? மறுபடியும் சிலந்தி வந்துடுச்சா?" என்றாள்.

"பார்க்கறேன்" என்றார் அடெல்கி.

அந்தக் குளிர்காலம் முழுவதும், ஈஸ்டருக்குப் பிறகு பாதை திறந்து நல்ல சரக்கு வரும்வரை, அடெல்கி புன்டெல் தினமும் காலை தொடங்கி இரவுவரை ருவியாஸின் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி மாறிப் போய், சூடு ஆறாத கிண்ணத்தை அடுப்பிலிருந்து வெளியே எடுத்து, கட்டியை உடைத்து, துளைகளைத் திறந்து, திரும்ப வைத்தார். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து, கொட்டகையிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து பிளாஸ்திரி ஒட்டிய குடுவையால் அள்ளிப் போட்டுப் பற்றவைத்து, அதன் கிண்ணத்துக்கும் அதையே செய்தார்.